சாத்தான் விட்டுப்போன வேடம்

ஜெர்மனியின் தென்கோடியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஓபராமர்காவ் என்றொரு ஊர். மக்கள்தொகை ஐந்தாயிரத்தைச் சுற்றித்தான் இருக்கும். மரச்சிற்பம் அங்கே பரம்பரைத் தொழில். கடைத்தெருவில் உள்ளங்கை அளவிலிருந்து ஆள் உயரம்வரை பாடுபட்ட சுரூபங்கள் விற்பனைக்குத் தொங்கும். ஊருக்கு மேலே எழும் கோஃபெல் பாறையின் உச்சியிலும் ஒரு சிலுவை நிற்கிறது. ஆனால் ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது நாடகம்தான். பத்தாண்டுக்கு ஒருமுறை ஊரே கூடி இயேசுவின் பாடுகளையும் மரணத்தையும் நடிக்கிறது. நம்மூர்க் கத்தோலிக்கர் தவக்காலத்தில் ‘பாஸ்கா’ என்று போடுவார்களே, அதேதான். அங்கே அது மே மாதம் தொடங்கி இலையுதிர்காலம்வரை ஓடும். ஒவ்வொரு காட்சியும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம்.

மேடையேற வேண்டுமானால் அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இருபது ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும். நாடகத்துக்கு முந்தைய ஆண்டுச் சாம்பல் புதனன்று அறிவிப்பு வந்துவிடும்: நடிப்பவர்கள் இனி முடி வெட்டக்கூடாது, தாடி மழிக்கக்கூடாது. ரோமானியப் படைவீரர் வேடம் போடுகிறவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. தெருவில் எதிரே வருபவரின் தலையைப் பார்த்தே அவர் எருசலேம்காரரா ரோமாபுரிக்காரரா என்று சொல்லிவிடலாம்.

1900-ஆம் ஆண்டுக் கோடையில் இந்த நாடகத்தைப் பார்க்க வந்த அமெரிக்கர்களில் ஜோசப் கிராஸ்கோப் என்ற யூத ரபியும் ஒருவர். பிரஷ்யாவில் பிறந்து, அமெரிக்காவில் படித்து, பிலடெல்பியா நகரின் பெரிய சீர்திருத்த யூதச் சபை ஒன்றுக்குத் தலைமை வகித்தவர். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். ரஷ்யா போய் டால்ஸ்டாயைச் சந்தித்துவிட்டு வந்து, யூத இளைஞர்களுக்காக ஒரு வேளாண்மைப் பள்ளியே தொடங்கியவர். ஓபராமர்காவில் அவர் கண்டது, தன் முன்னோர்கள் கூட்டமாக நின்று ஒரு யூதரைக் கொல்லச் சொல்லிக் கத்துவதை. ஊர் திரும்பியதும் இதைப் பற்றித் தொடர் உரைகளே நிகழ்த்தினார். 1901-இல் அவை புத்தகமாக வந்தன. இயேசு யூதராகப் பிறந்து யூதராகவே இறந்தவர், அவரைக் கொன்றது ரோமானிய அதிகாரம், மேடையில் காட்டப்படும் விசாரணை யூதச் சட்டத்தோடு ஒட்டவே ஒட்டாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

சட்டம் பற்றி அவர் சொன்னதில் பொருள் இருக்கிறது. மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பின்படி மரண தண்டனை வழக்கைப் பகலில்தான் விசாரிக்க வேண்டும். குற்றவாளி என்ற தீர்ப்பை அன்றைக்கே சொல்லிவிடக்கூடாது, மறுநாள்வரை பொறுக்க வேண்டும். அதனால் ஓய்வுநாளுக்கோ பண்டிகைக்கோ முந்தைய நாளில் இத்தகைய வழக்கை எடுப்பதே இல்லை. நற்செய்திகளில் வரும் இரவு விசாரணை இவற்றில் எதற்கும் கட்டுப்படவில்லை. இஸ்ரேல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஹைம் கோன் 1968-இல் எழுதிய நூலில் இன்னும் ஒரு படி மேலே போனார்: அன்றிரவு தலைமைக் குரு வீட்டில் கூடியவர்கள் இயேசுவை ரோமானியரிடமிருந்து காப்பாற்றவே முயன்றார்கள் என்றார். வழக்கறிஞர் மூளையின் சாமர்த்தியம் அதில் தெரிகிறது, நம்பத்தான் முடியவில்லை. மிஷ்னாவே இயேசுவுக்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழித்துத் தொகுக்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சிலுவை யாருடையது என்பதில் மட்டும் ஐயத்துக்கு இடமில்லை. அது ரோமானியரின் தண்டனை. கி.மு. 4-இல் ஒரு கலகத்தை அடக்கிய சிரியா ஆளுநர் வாருஸ் சுமார் 2,000 யூதர்களைச் சிலுவையில் ஏற்றினான் என்று வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ் எழுதுகிறார். கி.பி. 70-இல் எருசலேம் முற்றுகையின்போது நாளொன்றுக்கு 500 பேர். சிலுவை நடுவதற்கு இடமும் போதவில்லை, ஆட்களுக்குச் சிலுவைகளும் போதவில்லை என்கிறார். 1968-இல் எருசலேமின் வடபுறத்தில் ஒரு கல்லறைக் குகையைத் திறந்தபோது யெஹோஹனான் என்று பெயர் பொறித்த எலும்புப் பேழை கிடைத்தது. உள்ளே இருந்த குதிகால் எலும்பில் இரும்பு ஆணி அப்படியே பாய்ந்து நின்றது. ஆணியின் முனை வளைந்திருந்ததால் பிடுங்க முடியாமல், உறவினர்கள் அதோடு சேர்த்தே அடக்கம் செய்திருக்கிறார்கள். கிறிஸ்தவர் சிலுவையைப் பார்த்தால் மீட்பு நினைவுக்கு வரும். யூதருக்கோ அது முதலில் தன் சனத்தைக் கொன்ற கருவி.

கிறிஸ்தவ இறையியலில் அந்த ஒரு மரணத்தின் மேல்தான் மற்றதெல்லாம் நிற்கிறது. மனிதகுலத்தின் பாவத்தைக் குற்றமற்ற ஒருவர் தாமே ஏற்றுப் பரிகாரம் செய்தார் என்பது திருத்தூதர் பவுல் காலத்திலிருந்து வரும் நம்பிக்கை. 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேன்டர்பரி பேராயர் அன்செல்ம் அதற்குத் தர்க்கரீதியான கட்டுமானம் கொடுத்தார். யூத மரபு இந்த இடத்தில்தான் விலகி நிற்கிறது. மகன் தகப்பனின் குற்றத்தைச் சுமப்பதில்லை, அவரவர் பாவம் அவரவருக்கே என்பது எசேக்கியேல் இறைவாக்கினரின் நிலை. எருசலேம் கோயில் இடிந்து பலி நின்றுபோனபோது, இனி இரக்கச் செயல்களே பரிகாரம் என்று யோஹனான் பென் சக்காய் ஆறுதல் சொன்னதாக ரபிகளின் மரபு பேசுகிறது. பாவப் பரிகார நாளான யோம் கிப்பூரில் நோன்பிருந்தாலும், அண்டை வீட்டானுக்குச் செய்த தீங்கு அவனிடமே போய்ச் சமாதானம் கேட்காமல் தீராது. இன்னொருவர் நமக்காக இறந்து கணக்கைத் தீர்த்துவைப்பதற்கு இந்த ஏற்பாட்டில் இடமே கிடையாது.

வரப்போகும் மீட்பரான மெசியா பற்றிய கணக்கும் வேறு. மெசியா வந்தால் உலகம் மாறியாக வேண்டும். போர் ஓய வேண்டும், சிதறியவர்கள் நாடு திரும்ப வேண்டும். ரோமை எதிர்த்த பார் கோக்பாவை ரபி அக்கிவா போன்ற மேதையே மெசியா என்று நம்பினார். 135-இல் பார் கோக்பா வீழ்ந்ததும் அந்த நம்பிக்கையும் முடிந்துபோனது. அவருடைய மரணத்துக்குள் மறைபொருள் தேட யாரும் முனையவில்லை.

இடைக்கால யூத வாதிகள் இன்னொரு கேள்வியையும் கேட்டார்கள். இயேசு மனமுவந்து இறந்தார், அந்தச் சாவினால்தான் உலகுக்கு மீட்பு என்றால், அதை நிறைவேற்றியவர்கள் கடவுளின் விருப்பத்தைத்தானே நிறைவேற்றினார்கள்? அவர்கள் மேல் கோபம் எதற்கு? கூர்மையான கேள்விதான். கத்தோலிக்கத் திருச்சபையிடமே இதற்குப் பாதி பதில் இருந்தது. 1566-இல் வெளியான ரோமன் மறைக்கல்வி நூல், கிறிஸ்துவின் சாவுக்குக் காரணம் எல்லா மனிதரின் பாவங்களும்தான், அதிலும் அறிந்தே பாவம் செய்யும் கிறிஸ்தவரின் குற்றம் யூதரின் குற்றத்தைவிடப் பெரிது என்று எழுதிவைத்தது. ஏட்டில் இருந்தது அது. நாடகத்துக்கு அது போதாது. ‘எல்லா மனிதரின் பாவம்’ என்ற வேடத்தை யார் போடுவது? மேடைக்கு முகமுள்ள வில்லன் வேண்டும்.

ஓபராமர்காவ் தொடக்கத்தில் வேறொரு வில்லனை வைத்திருந்தது. முப்பதாண்டுப் போரின் நடுவே கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்த காலம். காஸ்பர் ஷிஸ்லர் என்ற கூலித் தொழிலாளி கோயில் திருவிழாவுக்கு வீடு வரும் ஆசையில் ஊர்க்காவலை ஏய்த்து உள்ளே நுழைந்தான், நோயும் கூடவே வந்தது என்பது ஊர்க்கதை. எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின், 1633-இல் ஊர்ப் பெரியவர்கள் நேர்ந்துகொண்டார்கள்: பத்தாண்டுக்கு ஒருமுறை பாடுகளின் நாடகம் போடுவோம். 1634-இல் முதல் நாடகம் நடந்தது. 1750-இல் பக்கத்து எட்டால் மடத்துத் துறவி ஃபெர்டினாண்ட் ரோஸ்னர் எழுதிக் கொடுத்த பிரதியில் கதையை நகர்த்துவது சாத்தானாகிய லூசிபரும் அவன் பரிவாரமும்தான். பேராசையும் பொறாமையும் பேய்களாக மேடையேறி யூதாஸின் காதில் ஓதுகின்றன. குற்றத்தின் பெரும்பங்கு நரகத்துக்குப் போய்விடுகிறது.

பிறகு அறிவொளிக் காலம் வந்தது. பேய்கள் குதிக்கும் பக்தி நாடகங்கள் அப்பகுதியை ஆண்ட பவேரிய அரசுக்கு அவமானமாகப் பட்டன. 1770-இல் தடை வந்தது, 1810-இல் மறுபடியும் தடை. அடுத்த ஆண்டு அனுமதி கிடைத்தபோது ஓத்மார் வைஸ் என்ற இன்னொரு எட்டால் துறவி புதுப் பிரதி எழுதித் தந்தார். பகுத்தறிவுக்கு ஒத்த பிரதி. பேய்கள் யாவும் வெளியேற்றப்பட்டன. அப்படியானால் சதி செய்வது யார்? கோயில் வளாகத்திலிருந்து இயேசு விரட்டிய வியாபாரிகள். கல்லாவில் கைவைத்த ஆத்திரத்தில் பழிதீர்க்கும் யூத வணிகர்களாக அவர்களை வைஸ் ஆக்கினார். சாத்தான் காலிசெய்த வேடத்தை யூதர்களுக்கு மாட்டிவிட்டது மூடநம்பிக்கை அன்று, முற்போக்கு. இந்த நாடகத்தின் நீண்ட வரலாற்றில் இதைவிடக் கசப்பான திருப்பம் கிடையாது. வைஸின் மாணவரும் பங்குக் குருவுமான டைசன்பெர்கர் 1860-இல் அதற்கு மெருகேற்றினார். கிராஸ்கோப் பார்த்தது அந்தப் பிரதியைத்தான். பேய்கள் போனாலும் கொம்புகள் போகவில்லை: யூதக் குருக்களாக நடித்தவர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் கொம்பு வைத்த தொப்பியோடுதான் மேடையேறினார்கள்.

நாடகத்தின் உச்சம் மத்தேயு நற்செய்தியின் 27-ஆம் அதிகாரத்து வரி. ரோமானிய ஆளுநர் பிலாத்து கை கழுவியதும், அந்த இரத்தப்பழி தங்கள் மேலும் தங்கள் பிள்ளைகள் மேலும் இருக்கட்டும் என்று கூட்டம் கூவும் இடம். எசேக்கியேல் மறுத்த பரம்பரைக் குற்றத்தை யூதர்களின் வாயாலேயே சொல்லவைப்பதாகத்தான் யூதப் பார்வையாளர் அதைக் கேட்பார். இத்தகைய காட்சிகள் என்ன செய்யும் என்பது ஐரோப்பிய நகரங்களுக்குப் பழைய சங்கதி. ஃப்ரைபர்க் நகர மன்றம் 1338-லேயே யூத எதிர்ப்புக் காட்சிகளுக்குத் தடை போட்டது. ரோமில் கொலோசியத்தில் நடந்துவந்த பாடுகளின் நாடகம், பார்த்தவர்கள் யூதர் குடியிருப்பைத் தாக்கியதால் 1539-இல் நிறுத்தப்பட்டது.

ஹிட்லர் இந்த நாடகத்தை இருமுறை பார்த்தார்: 1930-இல் ஒருமுறை, முந்நூறாம் ஆண்டுச் சிறப்புக் காட்சிகள் நடந்த 1934 ஆகஸ்டில் மறுமுறை. 1942-இல், கொலைமுகாம்கள் ஓடிக்கொண்டிருந்த கோடையில், இந்த நாடகம் தொடர்ந்து நடக்க வேண்டும் என்று தன் சகாக்களிடம் பேசியிருக்கிறார். யூத ஆபத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டுவது வேறில்லை என்பது அவர் சொன்ன காரணம். யூதரால் நிரம்பிய சேற்றின் நடுவே பிலாத்து உயர்ந்த இனத்தவனாக நிற்பது அவருக்குப் பிடித்திருந்தது.

1938 நவம்பரில் ஜெர்மனியெங்கும் தொழுகைக் கூடங்கள் எரிந்தபோது, ஓபராமர்காவில் வாழ்ந்த, யூதக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஓர் இசையமைப்பாளரும் பிடிபட்டு டக்காவ் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அதே ஆண்டில் யூத ஓவியர் மார்க் ஷகால் பாரிஸில் ‘வெள்ளைச் சிலுவைமரணம்’ வரைந்தார். அதில் இயேசுவின் இடையில் இருப்பது யூதர்களின் தொழுகைச் சால்வை. சுற்றிலும் தொழுகைக்கூடம் எரிகிறது, மக்கள் படகேறித் தப்புகிறார்கள். இங்கே சிலுவை யாரையும் மீட்கவில்லை; எரிகிற கூட்டத்தில் இயேசுவும் ஒருவர், அவ்வளவே.

போருக்குப் பிறகு ஜூல் ஐசக் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் இந்த வெறுப்பின் வேரைத் தேடுவதையே வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டார். மனைவியையும் மகளையும் நாஜிகளிடம் பறிகொடுத்தவர் அவர். நற்செய்திகளையும் அவற்றுக்கு எழுதப்பட்ட உரைகளையும் வரிவரியாக ஒப்பிட்டு, யூத வெறுப்பு மூலநூலைவிடப் போதனையில்தான் ஊறியிருக்கிறது என்று காட்டினார். 1960 ஜூனில், 82 வயதில், திருத்தந்தை 23-ஆம் யோவானைச் சந்தித்து மனுக் கொடுத்தார். 1963-இல் இறந்துபோனதால் பலனைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்துவின் சாவுக்கு அன்றைய யூதர் அனைவரையுமோ இன்றைய யூதரையோ குற்றம் சாட்டக்கூடாது என்று 88-க்கு 2,221 வாக்குகளால் அறிவித்தது.

ஓபராமர்காவ் அசையவில்லை. எங்கள் நேர்ச்சை, எங்கள் பிரதி என்று நின்றது. அமெரிக்க யூத அமைப்புகள் புறக்கணிப்புக்கு அழைத்தன. ஆர்தர் மில்லர், ஜெர்மனியிலேயே குந்தர் கிராஸ், ஹைன்ரிக் பொல் என எழுத்தாளர்கள் குரல் கொடுத்தார்கள். 1970-இல் மியூனிக் கர்தினால் டோஃப்னர் வழக்கமான திருச்சபை அங்கீகாரத்தைத் தர மறுத்தார். அப்போது ஹன்ஸ் ஷ்வைக்ஹோஃபர் என்ற உள்ளூர்ச் சிற்பி ஒரு வழி சொன்னார்: 1750-ஆம் ஆண்டின் ரோஸ்னர் பிரதிக்கே திரும்புவோம், பேய்களை மேடைக்கு அழைப்போம். 1977-இல் சோதனைக் காட்சிகளும் நடந்தன. ஊர் ஒப்பவில்லை, டைசன்பெர்கரே போதும் என்று முடிவாயிற்று.

மாற்றம் அடுத்த தலைமுறையில் வந்தது. 1990 நாடகத்தை இயக்கிய கிறிஸ்டியன் ஸ்டுக்ல் அப்போது இருபதுகளில் இருந்த உள்ளூர் இளைஞர். யூத அறிஞர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசி, ஊர் மன்றத்தோடு மல்லுக்கட்டி, பிரதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி மாட்டினார். 2000-இல் அந்த இரத்தப்பழி வரி நீக்கப்பட்டது. இறுதி இராவுணவில் இயேசு எபிரேயத்தில் ஆசி கூறினார். பிலாத்து கொடுங்கோலனாக மாறினான். தலைமைக் குரு கயபா அவனுக்கு அஞ்சி நடப்பவர் ஆனார். கூட்டத்துக்குள் இயேசுவை விடுவிக்கச் சொல்லும் யூதர்களும் கத்தினார்கள். கொரோனாவால் 2020-லிருந்து தள்ளிப்போய் 2022-இல் நடந்த நாடகத்தில் யூதாஸாக மாறிமாறி நடித்த இருவரில் ஒருவர் செங்கிஸ் கோரூர் என்ற முஸ்லிம் இளைஞர்.

மேடையில் இயேசு முழு யூதராகிவிட்டதால் இரு சமயங்களின் வழக்கு தீர்ந்துவிடவில்லை. எபிரேயத்தில் செபித்த அந்த யூதர் கடைசியில் உலகின் பாவத்துக்காகவே இறக்கிறார். கிராஸ்கோப் இன்று வந்து உட்கார்ந்தாலும் அந்த இடத்தில் தலையசைக்க மாட்டார். அதை அவரிடம் யாரும் எதிர்பார்க்கவும் வேண்டியதில்லை. அடுத்த நாடகம் 2030-இல். அதுவரை, மேடையிலிருந்து நீக்கப்பட்ட மத்தேயுவின் அந்த வரி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குருத்து ஞாயிறு வாசகத்தில் உலகெங்கும் கத்தோலிக்க ஆலயங்களில் ஒலித்துக்கொண்டுதான் இருக்கும். பல ஆலயங்களில் கூட்டத்தின் வசனத்தைச் சொல்வது திருப்பலிக்கு வந்திருக்கும் மக்களே.