உங்கள் சருமத்துக்கு ஏற்ற சோப்பு எது?

நம் வீடுகளில் பெரும்பாலும் குளியலறையில் ஒரே ஒரு சோப்புதான் இருக்கும். முகப்பரு வந்த மகனும், காலில் தோல் வறண்டு வெடித்த பாட்டியும், கைக்குழந்தையும் அதையே பயன்படுத்துகிறார்கள். மணத்தையும் விலையையும் பார்த்து அதை வாங்கியிருப்போம். பாட்டிக்கு அரிப்பு வந்தால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். காரணம் அந்த சோப்பாகவும் இருக்கலாம்.

சோப்பு என்ன செய்கிறது?

எண்ணெயையோ கொழுப்பையோ காரத்துடன் சேர்த்துத் தயாரிக்கப்படுவதே சோப்பு. நமது சருமத்தின் மேற்பரப்பு இலேசான அமிலத் தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 5. சோப்பின் அளவோ 9 முதல் 10 வரை. அழுக்கை நீக்கும்போது, ஈரத்தைக் காக்கும் எண்ணெய்ப் பசையையும் அது சேர்த்தே எடுத்துவிடுகிறது. நல்ல நிலையில் உள்ள சருமம் சில மணி நேரத்தில் அதைச் சரிசெய்துகொள்ளும். வறண்ட சருமத்துக்கு அது எளிதல்ல.

சருமத்தை அறிவது எப்படி?

முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். தோல் இழுத்துப் பிடித்தால் வறண்ட சருமம். முகம் முழுவதும் மினுமினுத்தால் எண்ணெய்ச் சருமம். நெற்றியும் மூக்கும் மட்டும் மினுமினுத்தால் கலவைச் சருமம். எரிச்சலும் சிவப்பும் அடிக்கடி வந்தால் எளிதில் பாதிக்கப்படும் சருமம்.

எதற்கு எது?

வறண்ட சருமம்: கிளிசரின் கலந்த சோப்பு அல்லது 'சின்டெட்' எனப்படும் காரமற்ற கட்டி நல்லது. குளித்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் அல்லது மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும். முதியவர்கள் அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சோப்பு போட்டால் போதும்.

எண்ணெய்ச் சருமம்: முகப்பரு இருந்தால் சாலிசிலிக் அமிலம் உள்ளவை உதவும். ஆனால் நாளுக்கு இரண்டு முறைக்கு மேல் தேய்த்துக் கழுவினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

கலவைச் சருமம்: மென்மையான சோப்பே போதும், வறண்ட கன்னங்களுக்கு மட்டும் மாய்ஸ்சரைசர் தடவலாம்.

எளிதில் பாதிக்கப்படும் சருமமும் குழந்தைகளும்: மணமும் நிறமும் சேர்க்காததைத் தேர்ந்தெடுங்கள். புதிய சோப்பை முன்கையின் உட்புறத்தில் சில நாட்கள் சோதித்துப் பார்ப்பது பாதுகாப்பு.

உறையின் பின்பக்கம்

டிஎஃப்எம் என்பது சோப்பிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. இந்தியத் தர நிர்ணயப்படி டாய்லெட் சோப்பின் முதல் தரத்துக்கு 76 சதவீதமும், இரண்டாம் தரத்துக்கு 70 சதவீதமும், மூன்றாம் தரத்துக்கு 60 சதவீதமும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். 'பாத்திங் பார்' என்று அச்சிட்டிருந்தால் 40 சதவீதமே போதும். ஒரே அலமாரியில் இரண்டும் இருப்பதால் இதைப் படித்து வாங்குவது அவசியம். சின்டெட் கட்டிகளை இந்த அளவால் மதிப்பிட முடியாது.

'கிருமி நாசினி' என்ற சொல்லுக்காக அதிக விலை கொடுக்கத் தேவையில்லை. சாதாரண சோப்பும் தண்ணீரும் தருவதைவிடக் கூடுதல் பலன் நிரூபிக்கப்படவில்லை என்று கூறி, டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருட்களை இத்தகைய சோப்புகளில் சேர்க்க அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் தடை விதித்தது.

சிவப்பாக்கும் சோப்பு வேண்டாம்

தயாரித்தவர் பெயரோ உட்பொருள் பட்டியலோ இல்லாமல் விற்கப்படும் சிவப்பழகு சோப்புகளில் பாதரசம் இருக்கலாம். அது தோலின் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கும். கருவிலுள்ள குழந்தைக்கும் கேடு. வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவந்தாலும் அத்தகைய சோப்பை ஒதுக்கிவிட வேண்டும்.

சோப்பை மாற்றியும் அரிப்போ வெடிப்போ இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் தோலையும் நினைத்துப் பார்ப்போம். பாட்டிக்கென்று தனியாக ஒரு சோப்பு வாங்குவது பெரிய செலவல்ல.