மாடிப்படிக்கு அடியில் ஒரு வானொலி

இன்று கைத்தொலைபேசியைத் தொட்டவுடன் பாட்டு ஒலிக்கிறது. பழைய வால்வு வானொலிப் பெட்டி அப்படியல்ல. பொத்தானைத் திருகிவிட்டு ஏறக்குறைய அரை நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கண்ணாடிக் குமிழ்களில் இழை சூடேறிச் சிவந்த பிறகுதான் குரல் எழும். அந்தப் பழைய பெட்டிகளைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, வீட்டில் அடுக்கி வைக்கும் அன்பர்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ளனர். "இந்தக் குப்பை எதற்கு?" என்று வீட்டார் கேட்பதுண்டு. அதற்கான பதில் நம் நாட்டு வரலாற்றில் இருக்கிறது.

பொழுதுபோக்காளர்கள் போட்ட விதை

1904ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் அம்புரோஸ் பிளெமிங் இரு முனை வால்வை உருவாக்கினார். 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் அதனுள் மூன்றாவது முனையாக ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். அந்த வலைக்கு வரும் மிகச் சிறிய மின்னசைவு, வால்வின் வழியே பாயும் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைக்கும். காதுக்கு எட்டாத மெல்லிய அலை கூடம் நிறையும் குரலாவது இப்படித்தான்.

மலாயாவுக்கு வானொலியைக் கொண்டுவந்தது அரசாங்கமும் அல்ல, வணிகர்களும் அல்ல. 1921இல் ஜொகூர் அரசாங்கத்தில் மின்பொறியாளராக இருந்த ஏ.எல். பர்ச் ஒரு வானொலிக் கருவியைத் தருவித்தார். ஆர்வலர்களைக் கூட்டி ஜொகூர் கம்பியில்லாத் தந்திச் சங்கத்தையும் அமைத்தார். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அதே போன்ற சங்கங்கள் தோன்றின. ஓய்வு நேரத்தில் கம்பியும் சுருளும் கட்டி விளையாடியவர்களே இங்கு முதல் ஒலிபரப்பாளர்கள். சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றிலிருந்து பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் முறையாக ஒலிபரப்பத் தொடங்கியது 1937இல்தான். ரேடியோ மலாயா பிறந்ததோ போருக்குப் பின்னர், 1946இல்.

கேட்டால் சிறை

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானியர் ஆட்சியில் நேச நாட்டு வானொலிகளைக் கேட்பது குற்றமானது. நேற்றுவரை கூடத்தில் அலங்காரமாக இருந்த பெட்டி ஒரே நாளில் உயிருக்கு உலை வைக்கும் பொருளாகிவிட்டது.

ஈப்போவில் மருந்தகம் நடத்திய டாக்டர் ஏ.சி. காத்திகாசு, தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழர். அவருடைய மனைவி சிபில் காத்திகாசு, தாதியும் மருத்துவச்சியுமான யுரேசிய மாது. போர் வந்ததும் அவர்கள் பேராக் மாநிலத்தின் பாப்பான் எனும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கு சிபில், ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போராடியவர்களுக்கு மறைவாக மருத்துவம் செய்தார். இரவில் சிற்றலை வானொலியில் பிபிசி செய்தியையும் கேட்டு வந்தார். மாடிப்படிக்கு அடியில் குழி தோண்டிப் பெட்டி மறைக்கப்பட்டது. வெளியார் காதில் விழுந்தாலும் புரியாதிருக்க, அந்தப் பெட்டிக்கு 'ஜோசபின்' என்று வீட்டார் பெயர் சூட்டியிருந்தனர்.

1943இல் கணவனும் மனைவியும் கைதாகினர். சிபில்மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் வானொலி வைத்திருந்து எதிரியின் ஒலிபரப்பைக் கேட்டதும் ஒன்று. சித்திரவதை செய்தனர். அவர் கண்ணெதிரே இளைய மகளைத் தீயின் மேல் தொங்கவிட்டும் மிரட்டினர். ஆனாலும் அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. ஆயுள் தண்டனை பெற்றுப் பத்து காஜா சிறையில் கிடந்த அவர், 1945இல் ஜப்பான் சரணடைந்த பிறகே விடுதலையானார். பிரிட்டிஷ் அரசு ஜார்ஜ் பதக்கம் வழங்கியது. ஆனால் உடைந்த உடல் தேறவே இல்லை. 1948 ஜூன் மாதம் பிரிட்டனில் காலமானார்.

வட போர்னியோவின் சண்டாக்கானிலும் இதே கதைதான். அங்கிருந்த போர்க் கைதிகள், உள்ளூர் மக்கள் கடத்தித் தந்த உதிரிப் பாகங்களைக் கொண்டு இரகசியமாக வானொலி கட்டினர். செய்தி கசிந்தது. ஆஸ்திரேலியரான கேப்டன் லயனல் மேத்தியூசும் உள்ளூர்க்காரர்கள் எட்டுப் பேரும் 1944 மார்ச் 2ஆம் தேதி கூச்சிங்கில் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அலை ஓயவில்லை

போருக்குப் பின் அமெச்சூர் வானொலியாளர்கள் மீண்டும் காற்றில் கூடினர். 1952இல் மலாயா அமெச்சூர் வானொலிச் சங்கம் உருவானது. அக்காலத்தில் மலாயாவுக்கு வி.எஸ். 2, சிங்கப்பூருக்கு வி.எஸ். 1 என்பன அழைப்புக் குறிகள். இன்று அவை 9 எம் 2, 9 வி 1 என மாறியுள்ளன. தேர்வில் தேறி உரிமம் பெற்றவர் மட்டுமே ஒலிபரப்ப முடியும்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க இயலாது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி தாக்கியபோது, அமெச்சூர் வானொலிப் பணிக்காக அந்தமானின் போர்ட் பிளேரில் தங்கியிருந்தார் இந்தியாவின் பாரதி பிரசாத். தொலைபேசித் தொடர்புகள் அறுந்த வேளையில், அவருடைய குழுவினரின் கருவிகள் தீவுகளின் நிலையை வெளியுலகுக்குச் சொல்லின.

பெட்டி கிடைத்தால் என்ன செய்வது?

1947இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்ட பின் வால்வு மெல்ல மெல்ல ஓரங்கட்டப்பட்டது. இசைக் கருவிகளின் ஒலிபெருக்கிகளுக்காக ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் சில வகை வால்வுகள் இந்த நூற்றாண்டிலும் தயாராகின்றன. வானொலிக்கான பல வகைகள் பழைய இருப்பிலிருந்தே கிடைக்க வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் கம்பிச் சுருள் பச்சை பூத்துவிடும். மரப்பெட்டியைக் கறையான் அரிக்கும்.

தாத்தா காலத்துப் பெட்டி வீட்டில் இருந்தால், ஆர்வத்தில் உடனே மின்சாரத்தில் மாட்டிவிடக் கூடாது. பழைய மின்தேக்கிகள் கெட்டிருந்தால் புகை கிளம்பும். உள்ளே 200 வோல்ட்டுக்கும் மேல் பாயும். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். விவரம் அறிந்தவரிடம் காட்டுவதே நல்லது. ஆனால் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடும் முன், அந்தப் பெட்டி யார் வாங்கியது, அதில் என்ன கேட்டார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வைக்கலாம். வால்வு போனால் வேறு வால்வு தேடலாம். நினைவு வைத்திருப்பவர் போய்விட்டால், அந்தக் கதைக்கு மாற்று கிடையாது.

செய்தி கேட்பதற்கே உயிரைப் பணயம் வைத்த தலைமுறை ஒன்று இந்த மண்ணில் வாழ்ந்தது. அதற்குச் சாட்சியாக நிற்பவை இந்தப் பெட்டிகள்.