ஜூரர் பட்டியலும் அரசியல் சார்பும்: திலகர் மீதான இராஜதுரோக வழக்குகளை முன்வைத்து (1897, 1908)

பால கங்காதர திலகர் மீது பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நடந்த இரண்டு இராஜதுரோக வழக்குகளிலும் ஜூரி பிளவுபட்டே தீர்ப்புக் கூறியது. 1897 செப்டம்பரில் அறுவர் குற்றவாளி என்றனர், மூவர் மறுத்தனர். 1908 ஜூலையில் எழுவர் குற்றவாளி என்றனர், இருவர் மறுத்தனர். முதல் வழக்கின் ஜூரியில் ஐரோப்பியர் அறுவர், இந்தியர் மூவர். இரண்டாவதில் ஐரோப்பியர் எழுவர், பார்சிகள் இருவர். எண்கள் இவ்வாறு பொருந்துவதைக் கொண்டு, தீர்ப்பை இனம் முடிவு செய்தது என்று வரலாற்று நூல்கள் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அக்கூற்றைத் தவறென்று தள்ள முடியாது. ஆனால் ஒன்பது இருக்கைகளில் ஆறோ ஏழோ ஐரோப்பியருக்குச் சென்றது எவ்வாறு என்ற வினாவை அது எழுப்புவதில்லை. ஜூரர் தேர்வில் அரசியல் நம்பிக்கை பங்காற்றியதா என்பதை ஆராய்வதற்குத் தீர்ப்பு நாளைவிடப் பட்டியல் தயாரான நாளே முதன்மையானது.

1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரரின் அரசியல் கருத்தைப் பற்றி எதுவும் கூறவில்லை. பிரசிடென்சி நகரங்களில் பொது ஜூரர், சிறப்பு ஜூரர் என இரு பட்டியல்களை ‘கிளார்க் ஆப் த கிரவுன்’ என்னும் நீதிமன்ற அலுவலர் ஆண்டுதோறும் தயாரித்தார். சிறப்புப் பட்டியலில் பெயர் சேர்க்கும்போது சொத்து, நன்னடத்தை, கல்வி ஆகிய மூன்றையும் அவர் கருத்திற்கொள்ள வேண்டும். உயர் நீதிமன்ற விதிகளுக்கு உட்பட்டு, தமக்குச் சரியெனப்பட்டவாறு பட்டியலிடும் முழு உரிமை அவருக்கு உண்டு. அவர் முடிவின் மீது மேல்முறையீடும் இல்லை, மறு ஆய்வும் இல்லை. ஒரு மாகாணத்தின் அரசியல் வழக்குகளில் யார் தீர்ப்புக் கூறுவது என்பதை வரையறுக்கும் அதிகாரம், எவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஓர் அலுவலரிடம் இருந்தது. ‘நன்னடத்தை’ என்ற சொல் அக்காலத்தில் அரசின்பால் விசுவாசத்தையும் உள்ளடக்கிப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கக் கூடும். சட்டம் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அதற்கு இருக்கவில்லை.

பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்கள் எடுக்கப்பட்டன. உயர் நீதிமன்ற விசாரணையில் அரசுத் தரப்பும் எதிரித் தரப்பும் காரணம் கூறாமல் ஆளுக்கு எட்டு ஜூரர்களை மறுக்கலாம். எனினும் மறுக்கப்பட்டவரின் இடத்துக்கு அதே தொகுப்பிலிருந்தே அடுத்த பெயர் வரும். தொகுப்பில் ஐரோப்பியர் மிகுந்திருந்தால் எட்டு மறுப்புகள் ஆள்களை மாற்றுமே தவிர, விகிதத்தைப் பெரிதும் மாற்றா. காரணம் கூறி மறுக்கும் வாய்ப்பும் இருந்தது. ஒருதலைச்சார்பு அக்காரணங்களுள் ஒன்று. ஆனால் ஐரோப்பியர் என்பதாலேயே ஒருவர் சார்புடையவர் என வாதிடுவது ஆட்சியாளரையே குற்றஞ்சாட்டுவதாகிவிடும்.

மொழி பற்றிய விதி இன்னும் நுட்பமானது. சாட்சியத்தின் மொழியை அறியாத ஜூரரை மறுக்கலாம். ஆனால் சாட்சியம் மொழிபெயர்க்கப்பட்டால், மொழிபெயர்ப்பின் மொழியை அறிந்திருந்தாலே போதும். ‘கேசரி’யின் மராத்திக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு முன்வைக்கப்பட்டதால், மராத்தி அறியாமை தகுதிக் குறைவாகக் கொள்ளப்படவில்லை. குற்றமே சொற்களில் இருப்பதாகச் சொல்லப்பட்ட வழக்கில், அச்சொற்களைப் படிக்க இயலாதவர்கள் பெரும்பான்மையாக அமர்ந்தனர். 1908இல் தமக்காகத் தாமே வாதாடிய திலகர், அரசு மொழிபெயர்ப்பின் பிழைகளை எடுத்துக்காட்டுவதில் நெடுநேரம் செலவிட்டமைக்கு இதுவே காரணம்.

1908 வழக்கில் சிறப்பு ஜூரி வேண்டுமென்று அரசுத் தரப்பே விண்ணப்பித்தது. திலகர் சார்பில் ஜோசப் பாப்டிஸ்டா அதை எதிர்த்தார். சிறப்பு ஜூரி என்றால் ஐரோப்பியப் பெரும்பான்மை என்பதும், அவர்கள் மராத்தி அறியார் என்பதும் அவர் வாதத்தின் சாரம். நீதிபதி தின்ஷா தாவர் விண்ணப்பத்தை ஏற்றார். ஏப்ரல் 30இல் முசாபர்பூரில் வீசப்பட்ட வெடிகுண்டுக்கு இரு ஐரோப்பியப் பெண்கள் பலியாகியிருந்தனர். வழக்குக்கு உரிய கட்டுரைகளும் அந்நிகழ்வை ஒட்டியே எழுதப்பட்டவை. அச்சமும் சினமும் தணியாத அவ்வேளையில் ஐரோப்பிய வணிகச் சமூகத்திலிருந்து வரும் ஜூரர் எத்தகைய மனநிலையில் இருப்பார் என்பதை அரசு வழக்கறிஞர்கள் அறியாதிருக்க முடியாது.

இனத்தைக் கொண்டு நம்பிக்கையை அளந்தால் தாவர் அவ்வளவில் அடங்கவில்லை. அவர் பார்சி. 1897இல் திலகருக்குப் பிணை கேட்டு வாதாடியவரும் அவரே. அப்போது பிணை வழங்கியவர் நீதிபதி பத்ருதீன் தியாப்ஜி. பதினோர் ஆண்டுகளுக்குப் பின் தாவர் எழுவரின் முடிவை ஏற்று, ஆறாண்டு நாடுகடத்தலும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தார். ஒன்பதின்மருள் குறைந்தது அறுவர் ஒருமித்து, நீதிபதியும் உடன்பட்டால் தீர்ப்பு நிறைவேறும் என்பது சட்டம். ஆகவே ஒருமித்த முடிவு எட்டப்படாத ஜூரியைத் தீர்ப்பாக மாற்றுவதும் கலைப்பதும் நீதிபதியின் கையிலேயே இருந்தன. 1891இல் கல்கத்தாவில் ‘வங்கவாசி’ இதழ் மீதான வழக்கில் தலைமை நீதிபதி பெதரம், ஒருமித்ததல்லாத முடிவை ஏற்க மறுத்து ஜூரியைக் கலைத்தார். பின்னர் இதழ் உரிமையாளர் வருத்தம் தெரிவிக்க, வழக்குக் கைவிடப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் பம்பாயில் நீதிபதி ஸ்ட்ரேச்சி ஆறுக்கு மூன்று என்ற முடிவை ஏற்றுப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதித்தார். பெதரமின் அளவுகோல் பம்பாயில் பின்பற்றப்பட்டிருந்தால் இரு வழக்குகளிலும் திலகர் தண்டனை பெற்றிருக்க மாட்டார்.

இதனோடு ஒப்பிடத்தக்கது ஐரோப்பிய எதிரிகளுக்கு இருந்த உரிமை. இல்பர்ட் மசோதாப் பூசலின் முடிவில் பிறந்த 1884ஆம் ஆண்டுச் சட்டம், ஐரோப்பியப் பிரித்தானியக் குடிகள் தம் ஜூரியில் பாதிக்குக் குறையாமல் ஐரோப்பியரோ அமெரிக்கரோ அமர வேண்டுமெனக் கோர வழி செய்தது. ஜூரரின் பின்புலம் தீர்ப்பைப் பாதிக்கும் என்பதை அரசு இங்கு வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. அமர்வு நீதிமன்ற ஜூரி விசாரணையில் இந்திய எதிரிக்கும் இணையான ஓர் உரிமை இருந்தது. திலகர் நின்ற உயர் நீதிமன்றத்தில் அது இல்லை.

தமிழகத்தில் இவ்வினா வேறு வடிவம் பெற்றது. திலகருக்குத் தண்டனை விதிக்கப்படுவதற்கு இரு வாரங்களுக்கு முன், 1908 ஜூலை 7இல், திருநெல்வேலியில் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கும் சுப்பிரமணிய சிவாவுக்கும் கூடுதல் அமர்வு நீதிபதி பின்ஹே தண்டனை விதித்தார். அங்கு ஜூரி இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் இயற்றப்பட்ட குற்றவியல் திருத்தச் சட்டம், குறிப்பிட்ட அரசியல் குற்றங்களை ஜூரியின்றி மூன்று உயர் நீதிமன்ற நீதிபதிகள் விசாரிக்க வழிவகுத்தது. 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்டதைத் தொடர்ந்த சதி வழக்கு, சென்னையில் ஆர்னால்ட் ஒயிட், சங்கரன் நாயர், எய்லிங் ஆகிய மூவர் முன் அச்சட்டப்படியே நடந்தது. எதிரிகள் பதினால்வருள் ஒன்பதின்மர் தண்டனை பெற்றனர். அவ்வழக்கில் மறுப்பதற்கு ஜூரர் பட்டியல் என ஒன்று இருக்கவில்லை.