கேமராவுக்கு மெமரி கார்டு வாங்கப் போறீங்களா? ஜிபி மட்டும் பார்த்தா போதாது!

கெட்டிமேளம் முழங்குகிறது. மாப்பிள்ளை கையில் தாலி. அந்த நேரம் பார்த்து கேமராவில் வீடியோ ரெக்கார்டிங் தானாகவே நின்றுவிட்டால்? பல சமயம் இதற்குக் காரணம் கேமரா இல்லை, உள்ளே இருக்கும் மெமரி கார்டுதான். ஆயிரக்கணக்கில் செலவு செய்து கேமராவும் லென்ஸும் வாங்குபவர்கள்கூட, கார்டு என்று வரும்போது "64 ஜிபி ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கிவிடுகிறார்கள். ஜிபி தவிர வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? பார்க்கலாம்.

உங்க கேமரா எந்த கார்டை ஏத்துக்கும்?

பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்கள் எஸ்டி கார்டையே பயன்படுத்துகின்றன. கொள்ளளவைப் பொறுத்து இதில் முக்கியமாக மூன்று வகைகள் உண்டு.

• எஸ்டி: 2 ஜிபி வரை
• எஸ்டிஹெச்சி: 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரை
• எஸ்டிஎக்ஸ்சி: 32 ஜிபிக்கு மேல் 2 டிபி வரை

மூன்றும் பார்ப்பதற்கு ஒரே சைஸ்தான். குழப்பமே அங்கேதான். எஸ்டிஹெச்சி வரை மட்டும் ஏற்கும் பழைய கேமராவில் 64 ஜிபி கார்டு கச்சிதமாக நுழையும், ஆனால் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. எனவே கடைக்குப் போகும் முன் கேமராவின் மேனுவலைப் பார்த்துவிடுவது நல்லது. விலை உயர்ந்த சில கேமராக்களுக்கு சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டு தேவைப்படும். அதிலும் டைப் ஏ, டைப் பி என அளவு மாறும்; ஒன்றுக்கான ஸ்லாட்டில் இன்னொன்று பொருந்தாது.

கார்டு மேல இருக்கிற பெரிய நம்பர் என்ன?

'நொடிக்கு 200 எம்பி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் கார்டிலிருந்து படிக்கும் வேகம். அதாவது, படங்களை கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது கிடைக்கக்கூடிய அதிகபட்ச வேகம். கேமராவுக்குத் தேவையோ எழுதும் வேகம். அது இதைவிடக் குறைவாகவே இருக்கும். அதுமட்டுமல்ல, யுஹெச்எஸ்-1 வகை கார்டுகளுக்கு விதிப்படி உச்சவரம்பே நொடிக்கு 104 எம்பிதான். அதைத் தாண்டிய வேகம் வேண்டுமென்றால், அந்த கார்டுக்கு ஏற்ற தனி ரீடர் தேவை.

அப்போ எதைப் பார்க்கணும்?

கார்டின் மேல் சின்னதாக இருக்கும் குறியீடுகளைத்தான். வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது வேகம் இதற்குக் கீழே இறங்காது என்பதற்கான உறுதி அவை.

• சி10, யு1, வி10: நொடிக்கு 10 எம்பி
• யு3, வி30: நொடிக்கு 30 எம்பி
• வி60: நொடிக்கு 60 எம்பி
• வி90: நொடிக்கு 90 எம்பி

கேமராவின் வீடியோ தரத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், கார்டின் வேகத்தை மெகாபைட்டில் சொல்வார்கள். மெகாபிட் கணக்கை 8-ஆல் வகுத்தால் விடை கிடைத்துவிடும். உதாரணமாக, நொடிக்கு 100 மெகாபிட்டில் 4கே வீடியோ எடுத்தால், நொடிக்கு 12.5 எம்பி எழுத வேண்டும். சி10 கார்டு கொடுக்கும் உறுதி இதற்குப் பத்தாது, வி30 தாராளம். அதுவே 400 மெகாபிட் என்றால் 50 எம்பி. அதற்கு வி60 வேண்டும்.

ஏ1, ஏ2 என்ற குறியீடுகள் போனில் ஆப்களை இயக்குவதற்கானவை. கேமராவுக்காக அதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அதேபோல, பின்பக்கம் இரண்டு வரிசை பின்கள் உள்ள யுஹெச்எஸ்-2 கார்டு, பறவை, விளையாட்டு எனத் தொடர்ச்சியாகப் படங்களைச் சுட்டுத் தள்ளுபவர்களுக்கு உதவும். ஆனால் கேமராவும் யுஹெச்எஸ்-2 ஆக இருந்தால் மட்டுமே. இல்லையென்றால் காசுதான் வேஸ்ட்.

எத்தனை ஜிபி வாங்கலாம்?

24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா படம் சுமார் 30 எம்பி என்று வைத்துக்கொண்டால், 64 ஜிபி கார்டில் ஏறக்குறைய 2,000 படங்கள் அடங்கும். நொடிக்கு 100 மெகாபிட் வீடியோ என்றால் சுமார் 85 நிமிடம்.

ஒரே 128 ஜிபி கார்டுக்குப் பதில் இரண்டு 64 ஜிபி கார்டு வாங்கலாம். ஒன்று தொலைந்தாலோ பழுதானாலோ மற்றதில் இருப்பதாவது மிஞ்சும். இரண்டு ஸ்லாட் உள்ள கேமராவில், ஒரே படம் இரண்டு கார்டிலும் பதிவாகும்படி செட்டிங்கை மாற்றிக்கொண்டால் இன்னும் பாதுகாப்பு.

போலி கார்டை எப்படி கண்டுபிடிக்கிறது?

போலி கார்டுகளில் உள்ளே 8 அல்லது 16 ஜிபி மட்டுமே இருந்தாலும், கேமராவிடம் 128 ஜிபி என்று பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். முதல் சில நூறு படங்கள் வரை எல்லாம் சரியாகவே தெரியும். அதன் பிறகு எடுப்பவை பதிவானதுபோல் காட்டும். திறந்தால் எதுவும் இருக்காது. வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயமே தெரியும்.

எனவே பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் உஷாராக இருக்க வேண்டும். பில்லுடன், நம்பகமான கடையில் வாங்குவது நல்லது. புதிய கார்டை விசேஷத்துக்கு எடுத்துச் செல்லும் முன் ஒருமுறை முழுவதும் நிரப்பிச் சோதிக்க வேண்டும். விண்டோஸில் 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ', மேக் மற்றும் லினக்ஸில் 'எஃப்3' ஆகிய இலவச மென்பொருள்கள் இதற்கு உதவும்.

அதே நேரம், 64 ஜிபி கார்டு விண்டோஸில் 59 ஜிபி சொச்சம் என்று காட்டினால் பதற வேண்டாம். கணக்கிடும் முறையில் உள்ள வித்தியாசம்தான் அது.

வாங்கியாச்சு, அடுத்து?

• கார்டை கம்ப்யூட்டரில் அல்ல, பயன்படுத்தப்போகும் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.
• எழுதும் விளக்கு எரியும்போது கார்டையோ பேட்டரியையோ கழற்றாதீர்கள்.
• படம் தவறுதலாக அழிந்துவிட்டால், உடனே அந்த கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். புதிய படம் மேலே எழுதப்படாத வரை, மீட்பு மென்பொருள் மூலம் அதைத் திரும்பப் பெற வாய்ப்பு உண்டு.
• இரண்டு இடங்களில் காப்பி எடுத்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள்.

கார்டு போனால் வேறு கார்டு வாங்கிக்கொள்ளலாம். தாலி கட்டும் நேரத்தை மறுபடியும் எடுக்க முடியாது.