வாயிற்படிக்கு முன்னே: ஒரு சொல்லின் வரலாறு

'பிரிலிமினரி' என்னும் ஆங்கிலச் சொல்லை அறியாத தமிழ்க் குடும்பம் மும்பையில் அரிது. மாதுங்காவில் தேர்வெழுதும் மாணவரும், செம்பூரிலிருந்து அலுவலகம் செல்வோரும், தாராவியில் அரசாங்க அறிவிப்பைக் கையில் வாங்குவோரும் இச்சொல்லை எதிர்கொள்கின்றனர். இதனைத் தமிழில் 'பூர்வாங்கம்', 'ஆரம்பம்', 'முதனிலை' எனப் பலவாறு வழங்குகிறோம். ஆயின், 'இது வெறும் தொடக்கந்தானே' என்று எளிதாக எண்ணிவிடும் வழக்கமும் நம்மிடையே உண்டு. அவ்வெண்ணம் பொருந்துமா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

லத்தீன் மொழியில் 'ப்ரே' என்றால் முன். 'லீமென்' என்றால் வாயிற்படி. வாயிற்படிக்கு முன் நிற்பது என்பதே சொல்லின் வேர்ப்பொருள். 17 ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கிற்று. அரசுகளுக்கிடையேயான சமாதானப் பேச்சுக்களிலும் இச்சொல் இடம் பெற்றது. அமெரிக்க விடுதலைப் போர் ஓய்ந்தபோது, பிரிட்டனும் அமெரிக்காவும் 1782 நவம்பர் 30 அன்று பாரிஸில் முதனிலை உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. இறுதி உடன்படிக்கை 1783 செப்டம்பர் 3 அன்று கையெழுத்தாயிற்று. எனினும், அமெரிக்க விடுதலையை ஒப்புக்கொண்ட வாசகம் முந்தியதிலேயே இருந்தது. வாயிற்படிக்கு முன்பே பெரும்பகுதி முடிந்துவிட்டது என்க.

நம் முன்னோரும் முன் நிற்பதைச் சிறிதாகக் கருதினாரல்லர். 13 ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் பாயிரத்திற்குப் பல பெயர்கள் கூறுகிறார். அவற்றுள் ஒன்று புறவுரை. நூலுக்குப் புறத்தே நிற்பினும், பாயிரம் இல்லாதது நூலாகாது என்பதே அவர் கொள்கை.

தேர்வுத் துறையில் இச்சொல் வேறொரு பொருள் பெறும். மத்தியக் குடிமைப் பணிகளுக்கு 1979 முதல் முதனிலைத் தேர்வு நடைபெறுகிறது. அதில் பெறும் மதிப்பெண் இறுதித் தரவரிசையில் சேர்வதில்லை. ஆயினும் அதில் தேறாதவர் அவ்வாண்டு முதன்மைத் தேர்வெழுத இயலாது.

நீதிமன்றத்தில் இச்சொல் இன்னும் கனமுடையது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பங்கள் பலவற்றிற்கு ஊரிலே பூர்வீகச் சொத்து உண்டு. பாகப்பிரிவினை வழக்கு எழுந்தால், நீதிமன்றம் முதலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று முதனிலைத் தீர்ப்பாணை வழங்கும். பின்னர் ஆணையர் நிலத்தை அளப்பார். அதன்பின், இன்ன பகுதி இன்னாருக்கு என்று இறுதித் தீர்ப்பாணை வரும். 'இறுதி வரட்டும், அப்போது மேல்முறையீடு செய்வோம்' என்று வெளியூரில் இருப்பவர் எண்ணலாம். 1908 ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 97 ஆம் பிரிவு அதற்கு இடந்தரவில்லை. முதனிலைத் தீர்ப்பாணையை எதிர்த்து மேல்முறையீடு செய்யாதவர், இறுதித் தீர்ப்பாணையின் மேல்முறையீட்டில் அதன் சரி பிழையைக் கிளப்ப முடியாது. பங்கு முன்பே முடிவாகிவிட்டது.

நிலமெடுப்பிலும் இதுவே நிலை. 1894 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்சேபம் கூறும் உரிமை 1923 இல் சேர்க்கப்பட்டது. அதற்குரிய கெடு 30 நாள். அதற்கு மாற்றாக வந்த 2013 ஆம் ஆண்டுச் சட்டம், முதனிலை அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 60 நாள் தருகிறது. 'ஆரம்ப அறிவிப்புத்தானே' என்று காகிதத்தை மடித்து வைப்பவருக்கு அந்த நாட்கள் வீணே கழிந்துவிடும்.

மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நாம் 'ஆரம்பம்' என்பதினும் 'முதனிலை' என்பதையே விரும்புவது இதனாலேதான். ஆரம்பம் என்றால் இனிமேல்தான் காரியம் என்னும் எண்ணம் எழுகிறது. முதனிலை என்றாலோ, அதுவும் ஒரு நிலை, அங்கேயும் ஒரு முடிவு உண்டு என்பது விளங்குகிறது. ஆகவே, இச்சொல் தாங்கிய காகிதம் வீட்டுக்கு வருமாயின், அதன் தேதியையும் அதற்குரிய கெடுவையும் அன்றே பார்த்துக்கொள்வது நேயர்களுக்கு நலம். ஊரிலுள்ள பங்காளிகளுக்கும் இதனைத் தெரிவிப்பது நன்று.