வீரசாகசக் கதையும் வரலாற்று நாவலும்

வரலாற்றை நிலைக்களனாகக் கொண்டெழுந்த நாவல்களுள் ஒருசாரன வீரசாகசக் கதைகளின் வழிவந்தவை. வாட்போர், மாறுவேடம், இரகசிய ஓலை, நள்ளிரவுக் குதிரைப் பயணம் என்பன நிறைந்த அக்கதைகளை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவாருமுளர். எனினும், வரலாற்று நாவலாசிரியன் அவற்றினின்று கற்கத்தக்க நுட்பமொன்றுண்டு. வரலாறு பேசாத இடமறிந்து ஆங்கே கற்பனையைப் புகுத்துதலே அது.

பிரான்சிய ஆசிரியர் அலெக்சாந்தர் டூமாவின் ‘மூன்று மஸ்கற்றியர்’ 1844ஆம் ஆண்டில் நாளிதழொன்றிலே தொடர்கதையாக வெளிவந்தது. அதன் நாயகனாகிய தார்த்தன்யான் முற்றும் கற்பனை மாந்தனல்லன். பதினான்காம் லூயி மன்னனின் சேவகத்திலிருந்து 1673இல் மாஸ்திரிக்கு முற்றுகையில் வீழ்ந்த வீரனொருவன் அப்பெயருடையவன். அவன் பெயரால் 1700இல் வெளிவந்த, பெரிதும் புனைவான நினைவுக் குறிப்பு நூலே டூமாவுக்கு மூலமாயிற்று. அவர் அவ்வீரனைப் பதின்மூன்றாம் லூயி காலத்து அரண்மனைச் சூழ்ச்சிகளிடையே கொண்டுபோய் நிறுத்தினார். மன்னன், அரசி, கர்தினால் ரிஷலியூ ஆகியோர்தம் முடிவை வரலாறு முன்னரே வரையறுத்துவிட்டது; அதனை மாற்றுதல் ஆகாது. ஆனால், இடையில் வாளும் கையிற் கடிதமுமாக வரும் நாட்டுப்புற இளைஞனை ஆசிரியன் எங்குஞ் செலுத்தலாம். அவன் கண்வழியே வாசகனும் அரண்மனையினுள் நுழைகின்றான்.

டூமாவின் செல்வாக்கைக் கல்கியிடத்திற் காண்போர் பலர். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’, ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையிற் குதிரைமீது வரும் வந்தியத்தேவனோடு தொடங்குகின்றது. ஆதித்த கரிகாலன் கொடுத்த ஓலைகளோடு புறப்பட்ட அவன், பின்னர்க் குந்தவை தந்த ஓலையோடு கோடிக்கரை வழியாக ஈழத்துக்குஞ் செல்கின்றான். தார்த்தன்யானுக்கு நூலளவு மூலமிருந்தது. வந்தியத்தேவனுக்கோ, குந்தவையின் கணவனென அவன் பெயரைத் தரும் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டே முதன்மையான பற்றுக்கோடு. ஒரு பெயரினின்று முழு மனிதனைப் படைத்தமை கல்கியின் தனித்திறன்.

கதையின் மையமான கொலையும் அத்தகைய இடைவெளியொன்றிலேயே அமைந்துள்ளது. இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக்குரிய உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைச் சுட்டுகின்றது. கொலையின் காரணத்தைக் கூறவில்லை. உத்தம சோழனுக்கு அதிற் பங்குண்டென நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். அறிஞர் ஒருமுடிபு காணாத அவ்விடத்திலேதான் நந்தினி என்னுங் கற்பனைப் பெண் உலவுகின்றாள்.

இவ்வாற்றலே இடர்ப்பாட்டுக்கும் ஏதுவாகின்றது. கதையின் விறுவிறுப்பில் ஈடுபட்ட மாணவர், நந்தினியையும் பூங்குழலியையும் சோழர் வரலாற்று மாந்தரெனவே கொள்கின்றனர். நாவலிற் சுந்தர சோழன் காலத்திலேயே நாகபட்டினத்திற் காணப்படும் சூடாமணி விகாரம், ஆனைமங்கலச் செப்பேட்டின்படி இராசராசன் காலத்தில் எழுந்தது. நாவலாசிரியனுக்கு இவ்வுரிமை உண்டு. வரலாறு கற்போனுக்கு இல்லை.

ஆதலின், வரலாற்றாசிரியர் இத்தகைய நாவல்களை வகுப்பறையினின்று விலக்க வேண்டுவதில்லை. சோழர்மீது ஆர்வத்தை முதலில் எழுப்புவது பெரும்பாலும் அவையே. நாவலின் பக்கத்திற் கல்வெட்டையும் வைத்து, எது சான்று, எது புனைவு எனப் பகுத்துணரப் பயிற்றுதலே ஆசிரியர் கடன். அப்பயிற்சி பெற்ற மாணவன் கதையின் சுவையையும் இழவான். வரலாற்றின் உண்மையையும் இழவான்.