காபூர் மரமும் தமிழர் கற்பூர வணிகமும்

பிரிக்பீல்ட்ஸ் பூசைப்பொருள் கடைகளில் கற்பூரம் வாங்கும் நாம் அதனைத் தமிழகத்துப் பொருளாகவே எண்ணிப் பழகியுள்ளோம். முற்காலத்தில் தமிழ் வணிகர் கற்பூரத்தை நாடி வந்ததோ இப்பகுதிக் கடற்கரைகளுக்கே. அதனை நல்கிய காபூர் மரத்தை இனங்காண்பதும் அதன் வரலாற்றுப் பொருத்தத்தை உணர்த்துவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாவரவியலார் டிரையோபலனோப்ஸ் அரோமாட்டிக்கா எனக் குறித்துவந்த இம்மரம், சுமத்திரா, மலாயாத் தீபகற்பம், போர்னியோ ஆகிய பகுதிகளுக்கு உரியது. சிலாங்கூரில் ரவாங்கை அடுத்த காஞ்சிங் காட்டில் இயற்கையாகவே வளர்கிறது. 1929-இல் தொடங்கப்பெற்ற கெப்போங் வன ஆய்வு நிலையத்தில் நட்டு வளர்த்த காபூர்த் தோப்பையும் காணலாம். ஈயச் சுரங்கத்தால் சீர்குலைந்திருந்த நிலத்தில் உருவான அவ்வளாகம் 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இம்மரம் 60 மீட்டர் வரை உயரும். இலையைக் கசக்கினால் கற்பூர மணம் வீசும். இலைநுனி வால்போல் நீண்டிருக்கும். காய்க்கு ஐந்து சிறகுகள் உண்டு. அண்ணாந்து நோக்கின், மரமுடிகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்பதைக் காணலாம். காற்றில் கிளைகள் உரசுவதே இதற்குக் காரணம் என முன்னர்க் கருதினர். 1977-இல் இதுபற்றி எழுதிய பிரான்சிஸ் இங், அண்டை மரத்தின் நிழலை உணர்ந்து தளிர்நுனி வளர்ச்சியை நிறுத்துகிறது என விளக்கினார்.

அடிமரத்தின் பிளவுகளில் உறையும் படிகமே பண்டைய கற்பூரம். எல்லா மரங்களிலும் அது கிடைப்பதில்லை. மரத்தை வெட்டிப் பிளந்தே தேடவேண்டும். ஆகவே அது அருவிலைப் பொருளாயிற்று. அடியார்க்கு நல்லாரின் சிலப்பதிகார உரை கற்பூர வகைகள் பலவற்றைப் பெயர்சுட்டிக் கூறுவது, தமிழர் அதனை நன்கறிந்திருந்தமைக்குச் சான்றாகும். கற்பூரத்தால் புகழ்பெற்ற துறைமுகம் சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாரூஸ். அதனை அடுத்த லோபு துவாவில் 1873-இல் கண்டெடுக்கப்பெற்ற தமிழ்க் கல்வெட்டு, கி.பி. 1088-இல் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்ததாகும். அவர்தம் வருகையை வரலாற்றாசிரியர் கற்பூர வணிகத்தோடு இணைத்தே விளக்குவர்.

இன்று கோயில்களில் ஏற்றப்பெறும் கற்பூரம் பெரும்பாலும் டர்பென்டைன் எண்ணெயிலிருந்து ஆலைகளில் செய்யப்படுவது. எனவே பொருளுக்கும் மரத்துக்கும் இருந்த தொடர்பு நம் நினைவிலிருந்து அகன்றது.

மலேசியத் தமிழர் வரலாற்றை ரப்பர்த் தோட்டத்திலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ரப்பரோ பிரேசிலிலிருந்து வந்த மரம், காபூர் இம்மண்ணுக்குரியது. பாரூஸ் வணிகரை நம் நேர்மூதாதையர் எனக் கூறச் சான்றில்லை. எனினும், இவ்வட்டாரக் காடுகளோடு தமிழர் கொண்ட தொடர்பு ரப்பர்த் தோட்டங்களுக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் முந்தியது என்பதை மறுத்தற்கில்லை. தமிழாசிரியர்கள் மாணவரைக் கெப்போங்கிற்கு ஒருமுறை அழைத்துச் செல்லலாம். உதிர்ந்த இலையொன்றைக் கசக்கி முகரும் மாணவர்க்கு அவ்வரலாறு எளிதில் விளங்கும்.